காய்ச்சலும் பாய்ச்சலும் நெல் வயலில் மீத்தேன் அளவீடு: சேம்பர், சென்சார், மண் மாதிரி பற்றிச் சில கேள்விகள்

நாற்றங்கால்_22 கேட்டது:

வணக்கம். உழவியல், நுண்ணுயிரியல், கருவியியல் மூன்று துறையும் சேர்ந்து செய்யும் முதுநிலை ஆய்வு இது. இடம் காவிரி டெல்டா, களிமண். ட்ரீட்மெண்ட் (ஒப்பிடும் முறை) இரண்டு: எப்போதும் நீர் நிற்கும் வயல் ஒன்று, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி பாய்ச்சும் காய்ச்சல்-பாய்ச்சல் முறை இன்னொன்று. இடைவெளி 25 × 25 செ.மீ., மூன்று ரெப்ளிகேஷன். சம்பாவில் போடலாம் என்று திட்டம்.

வயலிலிருந்து கிளம்பும் வாயுவைப் பிடிக்கப் பயிர்மேல் கவிழ்க்கும் சேம்பர் 30 × 30 × 60 செ.மீ. அக்ரிலிக். உள்ளே எம்க்யூ-4 என்ற மீத்தேன் சென்சார், அதைப் பதிவு செய்ய இஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. வயலில் பதித்த துளைக் குழாயில் நீர்மட்டம் பார்க்க, எதிரொலியால் தூரம் அளக்கும் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி அல்ட்ராசோனிக் சென்சார். மண்ணிலிருந்து டிஎன்ஏ எடுத்து, மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிர்களின் எம்சிஆர்-ஏ மரபணுவை க்யூபிசிஆரில் (மரபணு நகல்களைப் பெருக்கி எண்ணும் முறை) எண்ணப் போகிறோம்.

முன்னோட்டமாகப் பார்த்ததில், சேம்பரை மூடிய 10 நிமிடத்தில் சென்சார் அளவு சரசரவென ஏறி, பிறகு தட்டையாகிவிடுகிறது. சேம்பர் காற்றைச் சிரிஞ்சில் எடுத்து ஜிசியில் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப்) ஓட்டிய இரண்டு வரிசைகள், 0, 10, 20, 30 நிமிடத்துக்கு, பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு):

நீர் நின்ற பாத்தி: 31, 19, 22, 27
காய்ந்த பாத்தி: 2.1, 2.0, 2.2, 2.1

எதை நம்புவது? சென்சாரை வைத்துக்கொள்ளலாமா?

ஓம்விதி எழுதியது:

சென்சாரை எடுத்துவிடுங்கள். காரணத்தைக் கணக்கே சொல்லும்.

பாய்வு (நிலத்திலிருந்து மீத்தேன் வெளியேறும் வேகம்) = 0.716 × உயரம் × ஒரு மணிக்கு ஏறும் பிபிஎம் × 273 ÷ (273 + சேம்பர் வெப்பநிலை). உயரம் மீட்டரில், வெப்பநிலை செல்சியஸில் போட்டால் விடை சதுர மீட்டருக்கு மணிக்கு மி.கி. என்று வரும். 0.716 என்பது 0 டிகிரியில் மீத்தேனின் அடர்த்தி.

நெல் வயலில் மணிக்கு 10 மி.கி. பாய்வு நல்ல பாய்வுதான். உங்கள் 60 செ.மீ. சேம்பரில் 5 செ.மீ. நீர் போக 0.55 மீட்டர். 32 டிகிரியில் 10 மி.கி. பாய்வுக்கு மணிக்கு ஏறுவது சுமார் 28 பிபிஎம், அரை மணிக்கு 14. காற்றில் ஏற்கெனவே இருப்பது ஏறக்குறைய 1.9 பிபிஎம். ஆக, நீங்கள் அளக்க வேண்டியது 2-லிருந்து 16 பிபிஎம் வரை. எம்க்யூ-4 பேசத் தொடங்குவதே சில நூறு பிபிஎம்மில்; அது எரிவாயுக் கசிவுக்கு அலாரம் அடிக்கச் செய்த பொருள்.

அப்படியானால் ஏறிய கோடு எது? ஈரப்பதம். பயிரையும் நீரையும் மூடியதும் சேம்பருக்குள் காற்று 10 நிமிடத்தில் ஈரத்தால் நிறைந்துவிடும். டின் ஆக்சைடு சென்சார் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் ரெசிஸ்டன்ஸ் மாறும். நிறைந்ததும் கோடு தட்டையாகும். போதாததற்கு அதன் ஹீட்டர் முக்கால் வாட் அளவுக்குச் சூடு வேறு தருகிறது.

இதே வகையில் ஃபிகாரோ டிஜிஎஸ்2611 போன்றவற்றை ஈரம், வெப்பம் இரண்டுக்கும் திருத்தி, தாழ்ந்த அளவுக்குத் தனியாகக் காலிபரேட் செய்து பயன்படுத்துகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தக் காலிபரேஷனே ஒரு தனி ஆய்வு. லேசர் அனலைசர் கிடைத்தால் 3 முதல் 5 நிமிடம் மூடினாலே போதும், பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் பார்க்கும். இரண்டும் இல்லையென்றால் சிரிஞ்ச், குப்பி, எஃப்ஐடி (மீத்தேனை உணரும் சுடர் டிடெக்டர்) உள்ள ஜிசி. அந்த இஎஸ்பி32 வீணாகாது: சேம்பர் வெப்பநிலை, 5 செ.மீ. ஆழ மண் வெப்பநிலை, நீர்மட்டம் மூன்றையும் பதிவு செய்ய வையுங்கள்.

தாளடிக்காரர் எழுதியது:

முதலில் பருவம். சம்பாவில் காய்ச்சல்-பாய்ச்சல் போட்டால் வடகிழக்குப் பருவமழை உங்கள் ட்ரீட்மெண்டை அழித்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் டெல்டா களிமண்ணில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. போவதாவது! இரண்டு ட்ரீட்மெண்டும் ஒன்றாகிவிடும், வித்தியாசம் இல்லை என்று ஆய்வேட்டில் எழுதுவீர்கள். குறுவை அறுத்தபின் நடும் தாளடிக்கும் இதே கதிதான். மழைக்கு முந்திய குறுவைக்கு மாற்றுங்கள், அல்லது போர்வெல் இருந்தால் மழைக்குப் பிந்திய நவரை.

அடுத்தது சேம்பர் அளவு. 25 × 25 இடைவெளியில் ஒரு குத்துக்கு (ஓரிடத்தில் நட்ட நாற்றுக் கொத்து) 625 சதுர செ.மீ. நிலம். 30 × 30 என்றால் 900 சதுர செ.மீ.; அதற்குள் ஒன்றரைக் குத்து நிற்குமா? ஒரு குத்தை வைத்தால் பயிர் அடர்த்தியைக் குறைத்துக் காட்டும், இரண்டை வைத்தால் கூட்டிக் காட்டும். நெல்லில் மீத்தேனின் பெரும்பங்கு, 90 சதவீதம் வரை, பயிரின் காற்றுத் திசு வழியாகத்தான் வெளியேறுகிறது. அதனால் இந்தப் பிழை அப்படியே பாய்வில் ஏறும். 50 × 50 செய்யுங்கள், சரியாக நாலு குத்து. உயரம் 60 போதாது, கதிர் வரும்போது இலை மடங்கும். 50 + 50 என இரண்டு அடுக்காகச் செய்து, பயிர் உயர்ந்ததும் மேலடுக்கைப் பொருத்தலாம்.

சேம்பரைத் தாங்கும் அடிச்சட்டத்தை, நாற்று நட்ட கையோடு பதித்து அறுவடை வரை எடுக்காமல் விடுங்கள். மண்ணுக்குள் 10 முதல் 15 செ.மீ. இறங்கட்டும், மேல் விளிம்பில் சேம்பர் உட்காரும் நீர்க்கால்வாய் வேண்டும். பக்கத்தில் வயல்நீர் உள்ளே வந்து போக 2 செ.மீ. துளை இரண்டு போடுவார்கள். நீர் நிற்கும் பாத்தியில் அந்தத் துளை நீருக்குள் மூழ்கியிருக்கும், பிரச்சினை இல்லை. காய்ந்த பாத்தியில் அது திறந்த ஜன்னல். உங்கள் 2.1, 2.0, 2.2, 2.1 வரிசையில் முதல் சந்தேகம் எனக்கு அதுதான். அளக்கும் முன் ரப்பர் அடைப்பானால் அடைத்து, முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். காய்ந்த பாத்தியில் நீர்க்கால்வாயும் வெயிலில் வற்றியிருக்கும். ஒவ்வொரு முறையும் கையால் நிரப்புங்கள். களிமண் வெடித்து வெடிப்பு சட்டத்துக்கு அடியில் ஓடினாலும் கசியும், சட்டத்தை ஒட்டிச் சேறு பூசினால் அடங்கும்.

கசிவா, உண்மையிலேயே பாய்வு இல்லையா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, அதே குப்பியில் கார்பன் டை ஆக்சைடு பார்ப்பது. வெளிச்சம் புகாத சேம்பருக்குள் பயிரும் மண்ணும் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும், கார்பன் டை ஆக்சைடு ஏறியே தீர வேண்டும். அது ஏறி மீத்தேன் தட்டையாக இருந்தால் பாய்வு இல்லை. இரண்டும் தட்டை என்றால் கசிவு. ஜிசியில் கார்பன் டை ஆக்சைடைப் பார்க்க உதவும் மெத்தனைசரோ டிசிடி டிடெக்டரோ இருந்தால் போதும்.

ஓம்விதி எழுதியது:

31, 19, 22, 27 வரிசைக்கு வருகிறேன். 0 நிமிடத்தில் காற்றின் அளவான 2-க்குப் பக்கத்தில் வர வேண்டியது 31. சேம்பரை வைக்கும்போது யாரோ சட்டத்துக்குப் பக்கத்தில் சேற்றில் கால் வைத்திருக்கிறார்கள். மண்ணில் அடைபட்டிருந்த குமிழ் கிளம்பிவிட்டது. பிறகு 19-க்கு இறங்கியது மீத்தேன் குறைந்ததால் இல்லை. கிளம்பிய வாயு முதலில் உறிஞ்சும் குழாய்ப் பக்கம் திரண்டிருந்து, பிறகு பரவியிருக்கிறது. அதாவது விசிறி ஓடவில்லை, அல்லது இல்லை.

முதல் புள்ளியை நீக்கிவிட்டு 19, 22, 27-ல் கோடு போடலாமே என்று தோன்றும். மணிக்கு 24 பிபிஎம் வரும், பார்க்க நியாயமாகவும் இருக்கும். அதுதான் ஆபத்து. மீதிப் புள்ளிகளிலும் கலக்கம் முடிந்ததா என்று சொல்ல வழியில்லை. அன்றைக்கே 20 நிமிடம் சேம்பரைத் திறந்து வைத்து மறுபடி எடுக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வரிசையைத் தள்ள வேண்டும்.

வரப்பிலிருந்து சட்டம் வரை நடைபலகை போடுங்கள். சவுக்குக் கம்பு நட்டு மேலே பலகை. பலகையின் கால் சட்டத்துக்கு அரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். சேம்பருக்குள் 12 வோல்ட் கம்ப்யூட்டர் விசிறி ஒன்று போதும். வயர் நுழையும் துளையில் சிலிக்கான் பூசி, ஆய்வகத்திலேயே நீர்த்தட்டில் சேம்பரைக் கவிழ்த்து ஸ்டாண்டர்ட் வாயுவை (மீத்தேன் அளவு முன்பே தெரிந்த வாயு) செலுத்தி அரை மணி நேரம் பாருங்கள். அளவு இறங்கினால் எங்கோ ஓட்டை.

அக்ரிலிக்கை வெயிலில் அப்படியே வைத்தால் அரை மணியில் உள்ளே வெந்துவிடும். அலுமினியத் தாள் சுற்றுங்கள்.

சேறும்_சகதியும் எழுதியது:

இருட்டுச் சேம்பர் வைத்தால் இலைத்துளை மூடிக்கொள்ளும், மீத்தேன் குறையுமே?

தாளடிக்காரர் எழுதியது:

நெல்லில் மீத்தேன் பெரும்பாலும் வெளியேறுவது இலைத்துளை வழியாக இல்லை, அடி இலையுறைகளில் இருக்கும் நுண்துளைகள் வழியாக. அரை மணி இருட்டில் அது பெரிதாக மாறாது. நாள் முழுக்க ஒரே பாத்தியில் தானியங்கிச் சேம்பர் வைப்பவர்களுக்கு ஒளி புகும் சேம்பர்தான் வேண்டும், ஒளிச்சேர்க்கை நின்றால் வேருக்குப் போகும் சர்க்கரையும் குறையும். கையால் எடுப்பவர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

எந்த நேரம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டும். காலை 9 முதல் 11-க்குள் எடுத்தால் அன்றைய சராசரிக்குப் பக்கத்தில் வரும். மண் நன்றாகச் சூடேறிய பிற்பகலில் எடுத்து 24-ஆல் பெருக்கினால் மிகைதான்.

வாரம் ஒரு முறை என்று காலண்டர் வைத்து எடுப்பது நீர் நிற்கும் பாத்திக்குச் சரி. காய்ச்சல் பாத்தியில், நீர் வற்றி மண் வெளியே தெரியும் முதல் இரண்டு மூன்று நாளில் மண்ணுக்குள் அடைபட்ட மீத்தேன் ஒரேயடியாக வெளியேறும். அதைத் தவறவிட்டால் காய்ச்சல் முறை உண்மையைவிட நல்லதாகத் தெரியும். வாரக் கணக்கோடு, ஒவ்வொரு காய்ச்சலின் தொடக்கத்திலும் கூடுதலாக எடுங்கள்.

வைக்கோல் கணக்கையும் குறித்து வையுங்கள். முந்தின பயிரின் தாளைச் சாகுபடிக்கு 30 நாளுக்குள் மடக்கி உழுதால் ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலைக் குழு) உமிழ்வுக் கணக்கீட்டு வழிகாட்டியின் 2019 திருத்தத்தில் வைக்கோலுக்கான மாற்றுக் காரணி 1. 30 நாளுக்கு முன்பே மடக்கினால் 0.19. காரணியில் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம், கவனியுங்கள். பாத்திக்குப் பாத்தி தாள் அளவு மாறினால் நீர் ட்ரீட்மெண்டே அதில் முழுகிப்போகும். அதே ஆவணத்தில் நீர் முறைக்கான காரணி, எப்போதும் நீர் நிற்பதற்கு 1, ஒரு முறை வடித்தால் 0.71, பல முறை வடித்தால் 0.55. உங்கள் குறைவு விகிதத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள், 0.1 வந்தால் மகிழ்ச்சி அடைவதற்கு முன் அடைப்பானைப் போய்ப் பாருங்கள்.

பாத்திகளுக்கு நடுவே கசிவைத் தடுக்க வரப்பில் பிளாஸ்டிக் தாளை ஆழமாக இறக்காமல் இந்த ஆய்வைத் தொடங்காதீர்கள். பக்கத்துப் பாத்தியில் நீர் நிற்கும்போது இது காயவே காயாது.

பிளாட்டினம்முனை எழுதியது:

நுண்ணுயிர்ப் பக்கம். எம்சிஆர்-ஏ எண்ணிக்கையை டிஎன்ஏவில் மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். நெல் மண்ணில் மீத்தேன் ஆக்கிகள் காய்ச்சலில் செத்துப்போவதில்லை, சும்மா இருக்கின்றன. டிஎன்ஏ நகல் எண்ணிக்கை இரண்டு பாத்தியிலும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும், பாய்வு பாதியாகியிருக்கும். மாறுவது செயல்பாடு, அதாவது ஆர்என்ஏ. வசதி இருந்தால் எம்சிஆர்-ஏ டிரான்ஸ்கிரிப்டை (அந்த மரபணுவின் ஆர்என்ஏ நகல்) எண்ணுங்கள். அதற்கு மண்ணை வயலிலேயே திரவ நைட்ரஜனில் போட வேண்டும். ஐஸ் பெட்டியில் ஆய்வகம் வருவதற்குள் ஆர்என்ஏ கதை மாறிவிடும். மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாவுக்கு பிஎம்ஓ-ஏ மரபணுவையும் சேருங்கள். அதற்கு ஏ189எஃப் உடன் எம்பி661ஆர் பிரைமர் (மரபணுவைப் பிடிக்கும் குறுந்துண்டு டிஎன்ஏ) ஜோடி நல்லது. ஏ682ஆர் போட்டால் அம்மோனியா ஆக்சிஜனேற்றிகளின் மரபணுவும் கூட வரும். எம்சிஆர்-ஏவுக்கு எம்லாஸ், எம்சிஆர்-ஏ-ரெவ் ஜோடி.

டெல்டா களிமண்ணின் ஹ்யூமிக் பொருள் (மட்கிய கரிமப் பொருள்) பிசிஆரைத் தடுக்கும். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து ஓட்டுங்கள். சிடி எண் (சிக்னல் தெரியத் தொடங்கும் பிசிஆர் சுற்று) 3.3 சுற்று தள்ளிப் போக வேண்டும். 1 அல்லது 2 சுற்றுதான் தள்ளியது என்றால் நீர்க்காத மாதிரியில் தடை இருக்கிறது. தடையைக் குறைக்க பிஎஸ்ஏ என்ற புரதம் சேர்க்கலாம், அல்லது நீர்த்ததையே எல்லா மாதிரிக்கும் பயன்படுத்தலாம். காய்ந்த மண், ஈர மண் இரண்டிலும் இதைத் தனித்தனியாகப் பாருங்கள், தடையின் அளவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முடிவை உலர் மண் கிராமுக்குக் கணக்கிடுங்கள். ஈர எடைக்குக் கணக்கிட்டால் காய்ந்த பாத்தி சும்மாவே அதிகமாகக் காட்டும்.

திட்டத்தில் ரெடாக்ஸ் (மண்ணின் ஆக்சிஜனேற்ற நிலையைக் காட்டும் மின்னழுத்தம்) இல்லை, அது குறை. க்யூபிசிஆர் செலவில் ஒரு துளிதான் ஆகும், பாய்வை விளக்குவதில் அதைவிடப் பயன்படும். பாத்திக்கு 5 செ.மீ., 10 செ.மீ. ஆழத்தில் பிளாட்டினம் முனைகளை நிரந்தரமாக நட்டுவிடுங்கள். ஆக்சிஜன், நைட்ரேட், மாங்கனீஸ், இரும்பு, சல்ஃபேட் என்று ஒவ்வொன்றாகத் தீர்ந்த பிறகே மீத்தேன் உருவாகும் கட்டம் வரும். அது ஏறக்குறைய மைனஸ் 150 மில்லிவோல்ட்டுக்குக் கீழே. இந்த எண் ஹைட்ரஜன் முனைக்கு எதிரானது. உங்கள் மீட்டர் காட்டுவது சில்வர் குளோரைடு முனைக்கு எதிரானது. சுமார் 200 கூட்ட வேண்டும். மீட்டர் மைனஸ் 200 காட்டினால் உண்மையில் 0 பக்கம்தான், மீத்தேனுக்கு இன்னும் தூரம். கூட்டாமல் எழுதிய அட்டவணைகள் நிறையவே உலவுகின்றன.

மண் மாதிரியைச் சேம்பர் சட்டத்துக்கு வெளியே எடுங்கள். உள்ளே ஆகர் (மண் துளைக்கும் கருவி) இறக்கினால் அந்தச் சட்டம் அதோடு முடிந்தது.

ஓம்விதி எழுதியது:

நீர்மட்டம். ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டிக்கு முன்னால் 20 முதல் 25 செ.மீ. குருட்டுப் பகுதி. வழக்கமான வயல் குழாய் 30 செ.மீ. நீளம், தரைக்கு மேலே 15. மூடியில் சென்சாரை வைத்தால் 5 செ.மீ. நீர் நிற்கும்போது தூரம் 10 செ.மீ.; அது வெறும் குப்பை எண்தான் தரும். சென்சாரைத் தனிக்கம்பியில் தரைக்கு மேல் 35 செ.மீ. உயரத்தில் கட்ட வேண்டும். அப்போதும் அதன் கற்றை அகலம், துளையிட்ட குழாயின் சுவரில் பட்டு எதிரொலிக்கும். குழாய் விட்டம் 10-க்குப் பதில் 15 செ.மீ. என்றால் கொஞ்சம் தேவலை. சிலந்தி வலையும் உட்கார்ந்திருக்கும் தவளையும் இதற்கு நீர்மட்டமே.

வெப்பத் திருத்தம் செய்யாவிட்டால் 25 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் நடுவே ஒலி வேகம் 2.6 சதவீதம் மாறுகிறது; 50 செ.மீ. தூரத்தில் 1.3 செ.மீ. பிழை. காலையில் ஒரு மட்டம், மதியம் இன்னொரு மட்டம் காட்டி, நீர் தானே ஏறி இறங்குவது போலத் தெரியும். ஒலி வேகத்துக்கு 331.3 + 0.606 × வெப்பநிலை என்று போட்டால் போதும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் குழாயடியில் அழுத்த சென்சார் ஒன்றை இறக்கலாம், வெளிக்காற்றோடு இணைந்த குழல் உள்ள வகையாகப் பாருங்கள். எதை வைத்தாலும் குழாயில் அளவுகோல் ஒன்று இருக்கட்டும், கண்ணால் பார்த்ததையும் எழுதுங்கள்.

குழாயைச் சேற்றுழவுக்குக் கீழே இருக்கும் கெட்டி அடுக்கைத் துளைத்து இறக்காதீர்கள். அந்த வழியே நீர் வடிந்து, குழாய் மட்டும் காய்ந்ததாகக் காட்டும். பதித்த பின் உள்ளிருக்கும் மண்ணை அள்ளிவிட்டு, வெளியே நீர் நிற்கும்போது உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றா என்று பாருங்கள்.

நாற்றங்கால்_22 கேட்டது:

மிக்க நன்றி. குறுவைக்கு மாற்றுவது பற்றி வழிகாட்டியிடம் பேசுகிறேன். இரண்டு கேள்வி மிச்சம். குப்பியில் எடுத்த வாயுவை எத்தனை நாள் வைக்கலாம்? நைட்ரஸ் ஆக்சைடும் பார்க்கத்தான் வேண்டுமா? எங்கள் ஜிசியில் அதை உணரும் ஈசிடி டிடெக்டர் இல்லை.

தாளடிக்காரர் எழுதியது:

பார்க்க வேண்டும். காய்ச்சல் முறையின் பலவீனமே அதுதான். யூரியா போட்ட மண் ஈரமும் காய்ச்சலுமாக மாறும்போது நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். ஐபிசிசியின் ஆறாவது அறிக்கைப்படி 100 ஆண்டுக் கணக்கில் வெப்பத் தாக்கம், கார்பன் டை ஆக்சைடை 1 என்று வைத்தால், மீத்தேனுக்கு 27, நைட்ரஸ் ஆக்சைடுக்கு 273. அதாவது ஹெக்டேருக்கு 1 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு கூடினால், நீங்கள் மிச்சம் பிடித்த 10 கிலோ மீத்தேன் போச்சு. மீத்தேனை மட்டும் போட்டு புவி வெப்பத் தாக்கம் குறைந்தது என்று எழுதினால் முதல் மதிப்பீட்டாளரே திருப்பி அனுப்பிவிடுவார். காற்றில் இருப்பதே 0.33 பிபிஎம் அளவு, சேம்பரில் ஏறுவது அதைவிடச் சிறிது. ஈசிடி இல்லாமல் முடியாது. அதில் நிக்கல்-63 கதிரியக்க மூலம் இருப்பதால் புதிதாக வாங்குவது அனுமதி, பதிவு என்று இழுக்கும். ஈசிடி உள்ள ஆய்வகத்தில் நேரம் வாங்குவது லேசு. யூரியா மேலுரத்துக்குப் பின் 1, 3, 5, 7-ஆம் நாள் எடுங்கள். மேலுரத்தைக் காய்ந்த மண்ணில் போட்டு உடனே பாய்ச்சுவது நைட்ரஜன் வீணாவதைக் குறைக்கும். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் காய்ச்சல் வேண்டாம், பதர் விழும்.

ஓம்விதி எழுதியது:

பிளாஸ்டிக் சிரிஞ்சில் அன்றைக்குள். அதற்கு மேல் போனால் கசிவை நம்ப முடியாது. குப்பிக்கு மாற்றுங்கள்: காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிய 20 மி.லி. குப்பியில் 30 மி.லி. செலுத்தினால் உள்ளே அழுத்தம் வெளியைவிட ஒன்றரை மடங்கு. கசிந்தாலும் வெளிக்காற்று உள்ளே வந்து நீர்த்துப்போகாது, ஜிசியில் ஏற்றும்போதும் உறிஞ்ச வேண்டியதில்லை. மூடி சாம்பல் நிற ப்யூட்டைல் ரப்பராக இருக்கட்டும், பலமுறை ஊசி குத்தியதை மறுபடி பயன்படுத்த வேண்டாம். ஒவ்வொரு வயல் நாளும் இரண்டு குப்பியில் ஸ்டாண்டர்ட் வாயுவை அடைத்து மாதிரிகளோடே எடுத்துப் போய் எடுத்து வாருங்கள். எத்தனை நாள் தாங்கும் என்பதை அவையே சொல்லும்: அளவு இறங்காத வரை வைக்கலாம்.

ஜிசியில் ஒரே ஸ்டாண்டர்டால் காலிபரேட் செய்யாதீர்கள். 2, 10, 50 பிபிஎம் போல உங்கள் மாதிரிகளை இருபுறமும் அணைக்கும் மூன்று ஸ்டாண்டர்டாவது வேண்டும். பத்து மாதிரிக்கு ஒருமுறை ஸ்டாண்டர்டை ஓட்டினால் ஓட்டத்தின் நடுவே டிரிஃப்ட் (கருவியின் அளவு மெல்ல நகர்வது) வந்தது தெரியும். 2 பிபிஎம் ஸ்டாண்டர்டை ஏழெட்டு முறை ஓட்டி அதன் விலகலைக் கணக்கிடுங்கள், அதிலிருந்து உங்கள் சேம்பரால் பார்க்க முடிந்த மிகச் சிறிய பாய்வு கிடைக்கும். காய்ந்த பாத்தி வரிசை அதற்குக் கீழே இருந்தால் பூஜ்யம் என்று எழுதாதீர்கள், கண்டறியும் எல்லைக்குக் கீழே என்று எழுதுங்கள்.

எக்செலில் கவனிக்க ஒன்று: காய்ச்சல் பாத்தியில் உயரம் ஒவ்வொரு முறையும் மாறும். நீர் நின்றால் நீர்ப்பரப்பிலிருந்து, வற்றினால் மண்ணிலிருந்து. சட்டத்தின் விளிம்பு உயரத்தையும் கூட்டுங்கள். 0.9 மீட்டர், 32 டிகிரி, 30 நிமிடத்தில் 2.1-லிருந்து 11.1 பிபிஎம் என்றால் மணிக்கு 18 பிபிஎம், பாய்வு 10.4 மி.கி., அதாவது ஹெக்டேருக்கு நாளைக்கு 2.5 கிலோ. உங்கள் ஃபார்முலாவில் இந்த எண்களைப் போட்டு இதே விடை வருகிறதா என்று பார்த்துவிட்டு மீதி வரிசைகளை ஒட்டுங்கள்.